திரையில் பாதி நேரம் இருட்டு

பிலிமில் படம் ஓடிய காலத்தில், இரண்டு மணி நேரப் படத்துக்கு டிக்கெட் வாங்கிய எவரும் இரண்டு மணி நேரம் படம் பார்த்ததில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரையில் ஒன்றுமே கிடையாது, சுத்தமான இருட்டு. பாதிக் காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. யாருக்கும் அது தெரியவே இல்லை என்பதுதான் காரணம்.

இந்தக் கண்கட்டு வித்தையில் பழம் தின்று கொட்டை போட்ட நகரம் பெர்லின். 1951-லிருந்து அங்கே ஆண்டுதோறும் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. ஊர்க்காரர்கள் செல்லமாக ‘பெர்லினாலே’ என்பார்கள். தங்கக் கரடி யாருக்கு, வெள்ளிக் கரடி யாருக்கு என்ற பட்டியலாகத்தான் வழக்கமாக அதன் கதையைச் சொல்கிறார்கள். ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தால் அதே கதை இன்னும் சுவாரசியமாக இருக்கிறது.

முதலில் அந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பிலிம் சுருள் லென்சுக்குப் பின்னால் நிற்காமல் ஓடினால் திரையில் மேலும் கீழுமாக இழுபட்ட மங்கல்தான் விழும். ஒவ்வொரு பிரேமும் வந்து நின்று, வெளிச்சம் வாங்கி, பிறகு நகர வேண்டும். தையல் மிஷினில் ஊசி துணிக்குள் இருக்கும்வரை துணி அசையாது. ஊசி ஏறியதும் அடியிலிருக்கும் பல் துணியை ஒரு எட்டு தள்ளும். பாரிஸில் படம் காட்டிய லூமியேர் சகோதரர்கள் தங்கள் கருவிக்கான யோசனையை அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

ப்ரொஜெக்டரில் இந்த வேலையைச் செய்வதற்கு மால்டீஸ் சிலுவை என்று பெயர். நான்கு காடி வெட்டிய சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று, அதன் பக்கத்தில் ஒற்றை முளை பொருத்திய வட்டு ஒன்று. வட்டு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது முளை ஒரு காடிக்குள் புகுந்து சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். மீதி முக்கால் சுற்று நேரமும் சிலுவை பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். விநாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 42 மில்லிவிநாடி. அதில் நகர்வதற்குப் பத்துச் சொச்சம், நிற்பதற்கு முப்பத்தொன்று. அந்தப் பத்து மில்லிவிநாடிக்குள் பிலிம் 19 மில்லிமீட்டர் இறங்கி, மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 தடவை இது நடக்கிறது. மொத்தச் சுருள் மூன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

பிலிம் நகரும் நேரத்தில் வெளிச்சத்தை மறைக்க, விளக்குக்கும் பிலிமுக்கும் இடையில் ஒரு தகடு சுழலும். அதோடு விட்டால் திரை விநாடிக்கு 24 முறை அணைந்து எரியும், கண் வலிக்கும். அதனால் நிற்கும் பிரேமையும் நடுவில் ஒருமுறை மறைக்கும்படி தகட்டுக்கு இரண்டாவது இதழ் வைத்தார்கள். மினுக்கல் விநாடிக்கு 48 ஆனது, உறுத்தலும் போனது. இருட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அதைக் கூட்டிச் சரிசெய்தவர் கில்லாடி.

பெர்லினுக்கு இதில் பழைய பாத்தியதை உண்டு. 1895 நவம்பர் 1 அன்று அங்கே வின்டர்கார்டன் கேளிக்கை அரங்கில் மாக்ஸ், எமில் ஸ்க்லடானோவ்ஸ்கி என்ற சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். மனிதனோடு குத்துச்சண்டை போடும் கங்காரு அதில் ஒன்று. லூமியேர்கள் பாரிஸில் காட்டியது டிசம்பர் 28. எட்டு வாரம் பிந்தி. ஸ்க்லடானோவ்ஸ்கிகளின் கருவியில் இரண்டு பிலிம், இரண்டு லென்ஸ். ஒன்று நகரும்போது மற்றொன்று வெளிச்சத்தில் நிற்கும். இருட்டே இல்லாத ஏற்பாடு. ஆனால் பிரேம்களைக் கையால் வெட்டி இரண்டு சுருளாக ஒட்ட வேண்டும். அந்தக் கருவி நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டர் மால்டீஸ் சிலுவை பொருத்திய ப்ரொஜெக்டர் செய்தார். லண்டனில் ராபர்ட் பால் அதே ஆண்டு அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். பிறகு நூறாண்டுக்கு மேல் உலகத் தியேட்டர்களில் அந்தச் சிலுவைதான் கடகடத்தது.

சரி, அவ்வளவு இருட்டு ஏன் நம் கண்ணில் படவில்லை? விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குகிறது, அடுத்தது அதோடு ஒட்டிக்கொள்கிறது என்று பள்ளிப் புத்தகங்கள் முடித்துவிடும். மினுக்கல் தெரியாமல் போவதற்கு அது ஓரளவு சரியான விளக்கம். அசைவுக்கு அது போதாது. பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது வெறும் கறை. நடந்துபோகும் ஆள் எங்கிருந்து வருவார்?

மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1910-ல் பிராங்க்ஃபர்ட்டில் இதைச் சோதித்தார். 1912-ல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மின்னவிடுவது, அவ்வளவுதான் சோதனை. இடைவெளி 200 மில்லிவிநாடி என்றால் இரண்டு தனித்தனிக் கோடுகள். 30 என்றால் இரண்டும் ஒரே நேரத்தில். சுமார் 60-ல் வைத்தால் ஒரே கோடு இங்கிருந்து அங்கே போகிறது! அங்கே நகர்ந்த பொருள் எதுவும் கிடையாது. நகர்வு மட்டும் தெரிகிறது. மூளை இரண்டு புள்ளிகளை வாங்கிக்கொண்டு நடுவில் நடந்திருக்க வேண்டியதைத் தானே எழுதிக்கொள்கிறது.

வெர்த்தைமர் பிறகு பெர்லினுக்கு வந்து சேர்ந்தார். முதல் உலகப்போரில் கைசர் ஓடிப்போன பின், காலியான அரண்மனையில்தான் பல்கலைக்கழகத்தின் உளவியல் நிலையம் இயங்கியது. அங்கே அவரிடம் படித்த ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1932-ல் சினிமாவைக் கலையாக அலசும் புத்தகம் எழுதினார். சினிமாக் கோட்பாட்டில் இன்றும் அது அடிப்படை நூல். மறுவருடம் ஹிட்லர் வந்தார். ஆசிரியர், மாணவர் இருவரும் யூதர்கள். இருவரும் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

போர் முடிந்தபோது நகரம் செங்கல் குவியல். நான்கு வல்லரசுகள் அதைத் துண்டு போட்டுக்கொண்டன. அமெரிக்கப் பகுதியின் சினிமா அதிகாரி ஆஸ்கர் மார்டே 1950-ல் விழா யோசனையை முன்வைத்தார். சோவியத் கடலுக்கு நடுவே தீவாக நின்ற மேற்கு பெர்லினை ‘சுதந்திர உலகின் கண்ணாடி அலமாரி’யாக மினுக்கிக் காட்டுவதுதான் நோக்கம், அதை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. 1951 ஜூன் 6 அன்று டைட்டானியா பாலாஸ்ட் அரங்கில் ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வோடு விழா தொடங்கியது, நாயகி ஜோன் ஃபான்டெய்ன் நேரில் வந்திருந்தார். 1928-ல் கட்டப்பட்ட அந்த அரங்கே வெளிச்சத்தால் ஆன கட்டடக்கலைக்குப் பேர்போனது. இரவில் சுவர் மறைந்து, கோபுரத்தில் ஓடும் விளக்குக் கீற்றுகள் மட்டும் தெரியும்.

முதல் இயக்குநர் ஆல்ஃபிரெட் பாவர் 1976 வரை கால் நூற்றாண்டு விழாவை நடத்தினார். அவர் பெயரில் ஒரு விருதே இருந்தது. நாஜி ஆட்சியில் சினிமாத் துறையைக் கட்டுப்படுத்திய அலுவலகத்தில் அவர் எவ்வளவு முக்கியமான ஆளாக இருந்தார் என்பது 2020 ஜனவரியில் ஒரு ஜெர்மன் வார இதழ் வெளியிட்ட ஆய்வில்தான் அம்பலமானது. விழா உடனே விருதை நிறுத்தியது. எழுபதாவது விழாவுக்குச் சில வாரங்களே பாக்கி. ஊருக்கெல்லாம் ஆவணப்படம் காட்டும் ஒரு விழா தன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் எல்லையோரத் தியேட்டர்களிலும் விழாப் படங்கள் காட்டப்பட்டன. கிழக்கு பெர்லின்காரர்கள் நடந்தே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 1961 ஆகஸ்ட் 13 அன்று இரண்டு பெர்லினுக்கும் நடுவே முள்வேலி இறங்கியது, பிறகு அது சுவரானது. அந்த ரசிகர்கள் ஒரே இரவில் காணாமல் போனார்கள். சோவியத் படம் ஒன்று விழாவுக்குள் வரவே 1974 ஆயிற்று. ஐந்து ஆண்டு கழித்து, வியட்நாம் போரைப் பற்றிய ‘தி டீர் ஹன்டர்’ படத்தைக் காட்டியதற்காக சோவியத் குழு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, தோழமை நாடுகளும் பின்னாலேயே போயின.

விழா முதலில் கோடையில்தான் நடந்தது. இதில் ஒரு இயற்பியல் சங்கடம் உண்டு. கறுப்பை வீசும் விளக்கு உலகத்தில் கிடையாது. திரை வெள்ளை; படத்தில் நாம் காணும் கறுங்கூந்தல், வெளிச்சம் விழாமல் விட்ட இடம். அக்கம்பக்கத்து வெளிச்சம் திரையில் சேர்ந்தால் கூந்தல் நரைத்துவிடும். பெர்லின் இருப்பது வடக்கே 52 பாகைக்கு மேல். ஜூனில் அங்கே நள்ளிரவில்கூட வடக்கு அடிவானத்தில் வெளுப்பு மிச்சமிருக்கும். இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் வால்ட்பியூனே திறந்தவெளி அரங்கில் ஐம்பதுகளில் விழாப் படம் போட்டவர்கள் சூரியனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

1978-ல் விழா குளிர்காலத்துக்கு மாறியது. காரணம் வானியலோ ஒளியியலோ இல்லை, வியாபாரம். மே மாதத்து கான் விழாவுக்கு முந்திக்கொண்டு புதுப்படங்களைப் பிடிக்கவும், படச்சந்தையை வளர்க்கவும் பிப்ரவரி தோதாக இருந்தது. ஆனால் அந்த மாதத்து பெர்லினில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வெளியே பல் கிட்டும் குளிர். கதகதப்பான இருட்டு அறைக்குள் ஜனங்கள் தாமாகவே வந்து விழுவார்கள். இன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்கும் விழா இது. குளிருக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். 2021-ல் பெருந்தொற்றின்போது பொதுமக்களுக்கான காட்சிகளை ஜூன் மாதம் திறந்தவெளியில் வைத்தபோது, இரவு ஒன்பதரை தாண்டும்வரை காத்திருக்க வேண்டிய பழைய தொல்லை திரும்பி வந்தது.

தமிழ்ப் படங்களுக்கு இந்த விழாவில் வாசல் திறந்த கதை ஒரு சண்டையில் தொடங்குகிறது. 1970-ல் மிஹாயேல் ஃபெர்ஹூவன் என்ற ஜெர்மன் இயக்குநர் ‘ஓ.கே.’ என்ற படத்தைப் போட்டிக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க வீரர்கள் ஒரு வியட்நாமியப் பெண்ணைச் சீரழித்துக் கொன்ற உண்மைச் சம்பவம். அதை பவேரியக் காட்டில் படமாக்கியிருந்தார். நடுவர் குழுத் தலைவர், ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் கொதித்தார். குழு உடைந்தது, போட்டியே ரத்தானது. கரடி யாருக்கும் இல்லை. மறுவருடம், ஆர்சனல் தியேட்டரை நடத்திவந்த எரிக்கா, உல்ரிச் கிரெகர் தம்பதியின் முன்முயற்சியில் ‘ஃபோரம்’ என்ற தனிப் பிரிவு பிறந்தது. போட்டிக்கு அடங்காத படங்களுக்கான இடம் அது. 2008-ல் அமீரின் ‘பருத்திவீரன்’, 2024-ல் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ இரண்டும் போனது அந்த வழியாகத்தான். இந்தியாவுக்குத் தங்கக் கரடி அதற்கு முன்பே போட்டிப் பிரிவில் வந்திருக்கிறது: சத்யஜித் ராயின் ‘அசனி சங்கேத்’, 1973.

அன்னிய மொழிப் படத்துக்கு சப்டைட்டில் போட்ட விதமும் பார்க்க வேண்டியது. பிலிம் பிரிண்டில் எழுத்தை அச்சடிக்க மாட்டார்கள், சுரண்டி எடுப்பார்கள். முன்பு அமிலம் போன்ற ரசாயனங்களால், பின்னாளில் லேசர் கதிரால், எழுத்தின் வடிவத்தில் பிலிமின் மேற்பூச்சைப் பொசுக்கிவிடுவார்கள். அந்த ஓட்டை வழியே விளக்கின் வெளிச்சம் நேராகத் திரைக்குப் போகும். நாம் வாசித்த வெள்ளை எழுத்து, படத்தில் விழுந்த துளைதான். ஒவ்வொரு வசனத்துக்கும் அது திரையில் நிற்கும் அத்தனை பிரேமிலும் துளையிட வேண்டும். மூன்று விநாடி வசனத்துக்கு 72 தடவை. ஒருமுறை சுட்டால் அழிக்க முடியாது. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அந்தப் பிரிண்ட் உள்ளவரை பிழையும் இருக்கும்.

சுவர் விழுந்த மூன்று மாதத்தில், 1990 பிப்ரவரியில், விழா முதல்முறையாக இரண்டு பெர்லினிலும் நடந்தது. அந்த ஆண்டுத் தங்கக் கரடியைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று ஜிரி மென்ஸலின் ‘லார்க்ஸ் ஆன் எ ஸ்ட்ரிங்’. செக்கோஸ்லோவாகியாவில் 1969-ல் எடுத்து முடித்த உடனேயே தடை செய்யப்பட்டு, இருபது ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. சர்வாதிகாரிகள் படத்தைத் தடை செய்தாலும் பல நேரம் பிலிமை எரிப்பதில்லை. இருட்டான, குளிர்ந்த கிடங்கில் அடுக்கி வைக்கிறார்கள். பிலிம் நீடித்து வாழ அதைவிட நல்ல இடம் கிடையாது! அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியேறும். பெட்டியைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும். குளிரும் வறட்சியும்தான் ஒரே கடிவாளம்.

இந்த விழாவில் இதுவரை நடந்தவற்றில் என்னை அதிகம் பிரமிக்க வைப்பது 2010 பிப்ரவரி 12. ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் உஃபா பாலாஸ்ட் அம் ட்ஸோ அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 4,189 மீட்டர் நீளம். படம் ஓடவில்லை. சில மாதங்களில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டு உலகத்தில் எங்குமே இல்லை என்று எண்பது ஆண்டு நம்பினார்கள். அரங்கும் போரில் குண்டு விழுந்து அழிந்தது. அதே இடத்தில் எழும்பிய ட்ஸோ பாலாஸ்ட் 1957 முதல் நூற்றாண்டு முடியும்வரை இந்த விழாவின் தலைமை அரங்கு.

2008-ல் புவனோஸ் ஐரிஸ் சினிமா அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டி திறந்தது. வெட்டுவதற்கு முன்பே அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிப் போன பிரிண்ட் ஒன்றின் நகல், 16 மில்லிமீட்டரில். அசல் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தன் ஆக்சிஜனைத் தானே சுமப்பது; பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். அந்த அபாயத்தால், சின்ன பிலிமில் நகல் எடுத்துவிட்டு அசலைக் கழித்துவிட்டிருந்தார்கள். நகல் எடுத்தவர்கள் பிலிமைத் துடைக்கவில்லை. பல ஆண்டுகள் தியேட்டர்களில் ஓடித் தேய்ந்த கீறலும் எண்ணெய்க் கறையும் அப்படியே படமாகப் பதிந்துவிட்டன.

டிஜிட்டல் துப்புரவுக்கு இதுதான் சிம்ம சொப்பனம். ஒரு தூசி ஒரே ஒரு பிரேமில்தான் இருக்கும். முன்பிரேமையும் பின்பிரேமையும் ஒப்பிட்டு மென்பொருள் அதைப் பிடித்துவிடும். நெடுக்காக ஓடும் கீறல் அடுத்தடுத்த பிரேம்களில் அதே இடத்தில் நிற்கும். மென்பொருளுக்கு அது கதவு நிலையா, கம்பமா, கீறலா என்று தெரியாது. முடிந்தவரை துடைத்தார்கள், மீதி மழையாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, 16 மில்லிமீட்டருக்கு மாற்றும்போது சட்டகத்தின் இடது ஓரமும் மேல் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தன. அந்த இடத்தை எதையாவது வரைந்து நிரப்பாமல் கறுப்பாகவே விட்டார்கள். எந்தத் துண்டு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை, காட்ஃப்ரீட் ஹூப்பர்ட்ஸ் எழுதிய பின்னணி இசைச் சுவடி சொன்னது. வாத்தியக் குழுவை நடத்துபவருக்காக அதில் காட்சிக் குறிப்புகள் ஆயிரத்துக்கு மேல் எழுதியிருந்தார்கள். காணாமல் போன படத்துக்குச் சாட்சியாக அதன் இசை காகிதத்தில் காத்திருந்தது.

அன்றிரவு ஃப்ரீட்ரிச்ஸ்டாட் பாலாஸ்ட் அரங்கில் முழு இசைக்குழு வாசிக்க படம் ஓடியது. அதே நேரத்தில் பிராண்டன்பர்க் வாயிலில் திரை கட்டி, பனியில் நின்றவர்களுக்கும் இலவசமாகக் காட்டினார்கள். சுவர் இருந்தவரை அந்த வாயிலருகே மனிதர்கள் நெருங்கவே முடியாது.

இப்போதைய ப்ரொஜெக்டரில் சிலுவையும் இல்லை, சுழலும் தகடும் இல்லை. தபால்தலை அளவு சில்லில் 22 லட்சம் கண்ணாடிகள்; ஒரு மில்லிமீட்டரில் எழுபதுக்கு மேல் அடங்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று இப்படி மூன்று சில்லு. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் லென்சுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் ஓரத்தில் இருக்கும் வெப்பம் தாங்கும் குழிக்குள் விழும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இங்கும் அங்கும் தலையாட்டும். மொத்தத் திரைக்கும் சேர்த்து வந்துபோன இருட்டு இப்போது புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிட்டது.

படப்பெட்டியும் மாறிவிட்டது. இருபத்தைந்து, முப்பது கிலோ ரீல்கள் இருந்த இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதுகூட இல்லாமல் ஒளியிழைக் கம்பி வழியாகவே கோப்பு வந்துவிடுகிறது. கோப்புக்குப் பூட்டு உண்டு. புதுப்பட ரிலீசன்று காலைக் காட்சி தள்ளிப்போனால் நம்மூர் ரசிகர்கள் வாயில் முதலில் வருவது ‘கேடிஎம் இன்னும் வரலையாம்’ என்பதுதானே, அதே சாவிதான். இந்தத் தியேட்டரின் இந்த சர்வருக்கு, இந்தத் தேதி இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை என்று எழுதிய சங்கேதம். பக்கத்து அரங்குக்கு அது செல்லாது. நூற்றுக்கணக்கான படங்களை ஊர் முழுக்கப் பல திரைகளில் ஓட்டும் விழாவில், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு திரைக்கும் தனிச் சாவி வேண்டும். ஒரு சாவி நேரம் தவறினால் முழு அரங்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

விழா முடிந்த பிறகு அந்தக் கோப்பு என்ன ஆகிறது என்பதுதான் காப்பகக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஹார்ட் டிஸ்க் சுழலாமல் கிடந்தாலும் கெடும். காந்த நாடாவில் வைத்தால், அதைப் படிக்கும் இயந்திரம் சில தலைமுறைக்குள் வழக்கொழிந்துவிடும். சில ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் வசதியுள்ள சில காப்பகங்களும் நிறுவனங்களும் டிஜிட்டலில் பிறந்த படத்தையே மறுபடி பிலிமுக்கு மாற்றுகின்றன. மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைச் சுருளாகப் பாலியஸ்டர் பிலிமில் எழுதி, குளிர் அறையில் அடுக்குகிறார்கள். நிறச்சாயம் வெளுக்கும், வெள்ளித்துகள் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. செலவு கணிசம் என்பதால், வசூல் குவித்த படங்களுக்கே இது முதலில் நடக்கிறது. ஃபோரம் போன்ற பிரிவுகளில் நாலைந்து காட்சி ஓடிவிட்டு ஊர் திரும்பும் சின்னப் படங்கள் பெரும்பாலும் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன.